காணாமல் போன பொருளின் விவரம்

எண் என்ன என்று கேட்டார் எழுத்தர்.
இரட்டைக்குழல், பர்மிங்காம் என்றேன்.
"அது ஊரு. எண் சொல்லுங்க."

உரிமப் புத்தகத்தில் அந்தப் பக்கம் பார்த்துக்
கரையான் புகுந்திருந்தது.
நான்கு, ஒன்று, பிறகு ஓட்டை,
ஓட்டைக்கு அப்பால் ஏழோ ஒன்றோ.

வீட்டில் ஒவ்வொருவரிடமும் கேட்டேன்.
பெரியப்பாவுக்குக் கட்டையில் இருந்த கீறல் தெரியும்.
சித்திக்கு எண்ணெய் வாசனை தெரியும்,
ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கும் இடம் தெரியும்.
சிங்கப்பூரிலிருந்து அண்ணன் ஒரு போட்டோ அனுப்பினான்:
மாப்பிள்ளைக் கோலத்தில் அவன்,
பின்னால் சுவரில் பாதித் துப்பாக்கி.
மீதியை மாலை மறைத்துவிட்டது.
எண்பது வருஷம் துடைத்தவர்களில்
ஒருவரும் அதைப் படித்ததில்லை.

தேர்தலுக்குத் தேதி அறிவித்தால்
ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவோம்.
பதினாறு ரசீது இருக்கிறது.
பதினாறிலும் "துப்பாக்கி ஒன்று".

தஞ்சாவூர் கீழவாசலில் பழைய சாமான் வாங்குபவர்
"வந்தா சொல்றேன்" என்றார்,
வந்து போய்விட்ட முகத்தோடு.
நாச்சியார்கோயில் பட்டறையில்
உருக்கிக் குத்துவிளக்கு ஆக்கியிருப்பார்கள் என்றான்
பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன்.
இரும்பு குத்துவிளக்காகாது என்று
வலங்கைமான் வரைக்கும் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.

எண் கடைசியில் கிடைத்தது
கோர்ட்டுப் பதிவறையில்.
ஏணி போட்டு ஒரு பையன் இறக்கினான்
ஐம்பத்திரண்டாம் வருஷத்துத் தை மாதத்தை.
சான்றுப் பொருள் இரண்டு:
இரட்டைக்குழல் துப்பாக்கி, எண் 41387.
ஏழுதான்.
சான்றுப் பொருள் ஒன்று:
ரத்தக்கறை படிந்த வேட்டி.

நீர்க்கோழி சுடத்தான் வைத்திருந்தார்கள் என்று
எங்கள் வீட்டில் சொல்வார்கள்.
அது எங்கள் வக்கீல் சொன்னது.
மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.
நீர்க்கோழி பறந்த இடம் எங்கள் களத்துமேடு.
கூலி நெல் குறைகிறதென்று
மரக்காலைப் பிடித்து நிறுத்தியவர்
காத்தான் மகன் வேதையன், வயது இருபத்தாறு,
இடது முழங்கால்.
தவறுதலாக. விடுதலை.
சான்றுப் பொருள் இரண்டு உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது.
வேட்டி என்ன ஆனது என்று குறிப்பில்லை.

எண்ணைக் குறித்துக்கொண்டு நேரே
ஸ்டேஷனுக்குப் போயிருக்கலாம்.
கொரடாச்சேரியில் பஸ் நின்றது. இறங்கிவிட்டேன்.

வேதையன் மகன் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறார்.
மேட்டூர் திறக்காத ஆனி மாதம்,
கடை நிறையக் கருகிய மோட்டார்கள்.
எந்த வீடு என்று சொன்னேன்.
கையிலிருந்த செம்புக் கம்பியை விடாமல்
சுற்றை எண்ணி முடித்தார். நூற்றுப் பதினெட்டு.
பிறகு நிமிர்ந்தார்.
"களவு போயிட்டுன்னு பேப்பர்ல பாத்தேன்.
எங்ககிட்ட அது இல்லங்க.
அதுலேருந்து வந்தது இருக்கு."

பவுடர் டப்பா.
உள்ளே ஏழு ஈய ரவை,
மிளகு அளவு, கையில் கொட்டினால் கனம்.
"பன்னெண்டுன்னு டாக்டர் சொன்னாராம்.
மிச்சம் அஞ்சும் அவரோடயே போயிட்டு."

டப்பாவை வீட்டில் எங்கே வைப்பீர்கள் என்று
கேட்க வாயெடுத்தேன்.
அவர் டீ சொன்னார். குடித்தேன்.
காசு கொடுக்க விடவில்லை.

படிவத்தில் எண்ணை எழுதினேன்.
கீழே காலியாக இருந்த வரியில்
அதன் ரவை ஏழு கொரடாச்சேரியில் இருக்கிறது,
களவு போகவில்லை
என்றும் எழுதினேன்.

எழுத்தர் இரண்டு தடவை படித்தார்.
பேனா மூடியால் காதைச் சொறிந்தார்.
"இது இந்தக் கேஸ்ல வராதும்மா."
ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டார்.

அதற்குள் கார்பனை உருவியிருந்தார்.
என் பிரதியில் கோடு விழவில்லை.